பெரியப்பாவின் டயானா: பழைய ஏர் கன்னை யாரிடம் கொடுக்கலாம்?

பெரியப்பா வால்பாறையில் எஸ்டேட் கணக்கராக இருந்தவர். அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது, பரணில் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த ஒரு டயானா 27 ஏர் கன் கிடைத்தது. சிலிண்டரின் பின்முனையில் இடப்பக்கம் பொடி எழுத்தில் ‘03 62’ என்று அடித்திருந்தது. ஜெர்மனியில் ராஸ்டாட் என்ற ஊரில் இருக்கும் டயானா தொழிற்சாலையில் 1962 மார்ச்சில் செய்தது என்று பொருள். குழலை மடக்கினேன், உள்ளே ஸ்ப்ரிங் நறநறவென்றது. குண்டைப் போட்டு, மூன்று மீட்டர் தள்ளி வைத்த அட்டைப்பெட்டியைச் சுட்டேன். ‘பொத்’ என்று ஒரு சத்தம். பெட்டியில் பட்ட குண்டு துளைக்காமல் கீழே விழுந்து உருண்டது.

அடுத்த ஒரு வாரத்தில் நான்கு பேர் நான்கு யோசனை சொன்னார்கள். லேத் பட்டறையில் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். துப்பாக்கிக் கடைக்குத்தான் போக வேண்டும் என்றான் தம்பி. யூடியூப் பார்த்து நீயே பிரித்துவிடு என்றான் அலுவலக நண்பன். மாமா மட்டும், “இரும்புக் கடையில போட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்குடா” என்றார். நால்வர் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஆனால் துப்பாக்கிக்கு என்ன கோளாறு என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது அது தோன்றவில்லை. யாரிடம் கொடுப்பது என்பது, உள்ளே எது போயிருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் என்று புரிய இரண்டு மாதம் ஆனது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. துப்பாக்கியின் துளை அளவைப் பாருங்கள். ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேல் துளை இருந்தாலோ, குழல் வாயில் 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இருந்தாலோ ஏர் ரைஃபிளுக்கும் உரிமம் வேண்டும். பழைய டயானா 27, பி.எஸ்.ஏ. மீட்டியார் போன்றவை 4.5, 5.5 என இரண்டு அளவிலும் வந்தன. சிலிண்டர் மீதோ குழல் மீதோ ‘.177’ அல்லது ‘4,5’ என்று இருந்தால் சின்னது, ‘.22’ அல்லது ‘5,5’ என்றால் பெரியது. எழுத்து தேய்ந்திருந்தால் ஒரு 4.5 குண்டைக் குழலின் வாயில் வைத்துப் பாருங்கள், பெரிய துளையில் அது தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பெரிய துளை என்று தெரிந்தால், அதைத் தூக்கிக்கொண்டு பட்டறை பட்டறையாக அலையாமல், உரிமம் உள்ள துப்பாக்கி வியாபாரி ஒருவரிடம் வெறுங்கையோடு போய் விசாரித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். பெரியப்பாவினுடையது 4.5. தப்பித்தேன்.

காசே செலவாகாத பழுதுகளும் உண்டு. முன்கட்டையின் இரண்டு பக்கத்திலும் உள்ள திருகுகள், விசைக் கூண்டுத் திருகு ஆகியவை ஸ்ப்ரிங் ஏர் கன்னில் தானாகவே தளரும். ஒவ்வொரு சூட்டிலும் வாங்கும் அதிர்வு அப்படி. குண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகிறது என்று கொண்டுவரப்படும் பழைய துப்பாக்கிகளில் கணிசமானவை சரியான அளவு ஸ்க்ரூடிரைவரால் இறுக்கினாலே அடங்கிவிடும். அப்புறம் குண்டு. பெட்டியில் வருஷக்கணக்காகக் கிடந்த காரீயக் குண்டு வெள்ளை பூத்துப் பொடி உதிர்ந்தால், அதை வைத்துத் துப்பாக்கியைக் குறை சொல்லக் கூடாது. ஒரு புது டப்பா வாங்கி, குழலைத் துணி கட்டித் துடைத்துவிட்டு மறுபடி சுட்டுப் பாருங்கள்.

நான் இதெல்லாம் செய்தேன். குண்டு நேராகப் போனது, ஆனால் நடந்து போனது.

சைக்கிள் பம்பும் ஏர் கன்னும்

ஸ்ப்ரிங் வகை ஏர் கன்னின் உள்ளே இருப்பது, ஒரே ஒரு தடவை மட்டும் பலமாக அடிக்கும் சைக்கிள் பம்பு. குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னால் போய் ஸ்ப்ரிங்கை நெரிக்கிறது. விசையின் கொக்கி அதைப் பிடித்துக்கொள்கிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து, சிலிண்டரில் இருக்கும் காற்றை ஒரு சின்னத் துவாரம் வழியாகக் குண்டின் முதுகில் தள்ளுகிறது. அரை கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் ஆற்றல் சுமார் 7 ஜூல். டயானா 27 மாதிரியான நடுத்தரத் துப்பாக்கிக்கு அந்த அளவே சொகுசு.

ஆக, வேகம் குறைந்தால் சந்தேகப்பட வேண்டியவை மூன்றுதான்: ஸ்ப்ரிங், பிஸ்டன் தலையில் இருக்கும் வாஷர், குழல் மடங்கும் இடத்தில் இருக்கும் சின்ன வளைய வாஷர். மூன்றில் கடைசியை வீட்டிலேயே சோதிக்கலாம். டிஷ்யூ பேப்பரில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, குழல் மடங்கும் இணைப்பின் மேல் படுக்கவைத்துவிட்டு, பாதுகாப்பான திசையில் குண்டு போட்டுச் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் காற்று அங்கே ஒழுகுகிறது. அது சில ரூபாய் வாஷர், துப்பாக்கியைப் பிரிக்காமலே மாற்றலாம். பேப்பர் அசையவில்லை என்றால் கோளாறு உள்ளே.

குண்டு இல்லாமல் சும்மா சுட்டுப் பார்க்காதீர்கள். முன்னால் குண்டு அடைத்துக்கொண்டு இருந்தால்தான் காற்று மெத்தை மாதிரி பிஸ்டனைத் தாங்கும். அது இல்லையென்றால் பிஸ்டன் போய்ச் சிலிண்டரின் முன்சுவரில் நேரடியாக மோதும். ஸ்ப்ரிங் உடைவதற்கும் வாஷர் நைவதற்கும் இதைவிட வேகமான வழி ஒன்றுதான் உண்டு: குழலை மடக்கிய நிலையில் விசையை இழுப்பது. குழல் படாரென்று மேலே வந்து மூடும், இடுக்கில் விரல் இருந்தால் விரல் போகும். விரல் தப்பினாலும் குழல் மேல்நோக்கி வளைந்துவிடும், கட்டையின் கழுத்தில் வெடிப்பு விழும். கோயில் திருவிழாக் கடைகளில் பலூன் சுட்டுத் தேய்ந்த துப்பாக்கிகள் பலவற்றிலும் இந்த இரண்டு காயமும் இருக்கும். குண்டு போடும்போது இன்னொரு கை குழலை விடவே கூடாது.

வளைந்த குழலும் உள்ளே துருவால் குழி விழுந்த குழலும்தான் உண்மையில் பெரிய செலவு. ஸ்ப்ரிங்கும் வாஷரும் போனது என்றால் துப்பாக்கி பிழைத்துக்கொள்ளும். குழல் போயிருந்தால், பழுது பார்ப்பதா என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும்.

லேத் பட்டறையா, துப்பாக்கிக் கடையா?

முதலில் லேத் பட்டறைக்குத்தான் போனேன், பக்கத்தில் இருந்ததால். நல்ல மனிதர், கை சுத்தமான வேலை. ஆனால் அவர் துப்பாக்கியைப் பார்த்ததும் கேட்ட கேள்வி: “ஸ்ப்ரிங்கை இன்னும் கொஞ்சம் டைட்டா போட்டுடலாமா சார்?” அங்கேதான் சிக்கல். இரும்பைத் தெரிந்தவர்களுக்கு எல்லாக் கோளாறும் பலக் குறைவாகத் தெரியும். கனமான ஸ்ப்ரிங் போட்டால் துப்பாக்கி உதைக்கும், குறி ஆடும், கொக்கியும் கட்டைத் திருகுகளும் சீக்கிரம் தேயும். வேகமோ எதிர்பார்த்த அளவு ஏறாது. சிலிண்டரின் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவு காற்றுதானே தள்ள முடியும்? பெரிய சிலிண்டர் உள்ள துப்பாக்கியில் இப்படி ஏற்றிக்கொண்டே போனால் 20 ஜூல் கோட்டையும் தாண்டிவிடலாம். அப்போது நம் வீட்டில் இருப்பது உரிமம் இல்லாத ஆயுதம்.

அதற்காக லேத்காரரை ஒதுக்கிவிட வேண்டாம். அளவு கொடுத்துச் செய்யச் சொன்னால் அவரைப் போல யாரும் வர மாட்டார்கள். தேய்ந்துபோன இரும்புப் பின்னுக்குப் பதில் புதுசு, ஸ்ப்ரிங்குக்கு நடுவில் போகும் வழிகாட்டித் தண்டு, வாஷரை அழுத்தி வார்க்கும் அச்சு இதெல்லாம் அவர் வேலை. கோளாறு எது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை மட்டும் அவரிடம் தரக் கூடாது. ஸ்ப்ரிங் சுற்றித் தரும் பட்டறைக்கும் இதே கதைதான். கம்பித் தடிமன், வெளி விட்டம், சுற்று எண்ணிக்கை மூன்றையும் வெர்னியர் வைத்து அளந்து கொடுத்தால் சுற்றித் தருவார்கள். ஆனால் சுற்றிய பிறகு சூட்டில் வைத்துப் பதப்படுத்தாமல் கொடுத்தால், நூறு முறை சுட்டதும் ஸ்ப்ரிங் இரண்டு அங்குலம் படுத்துவிடும். ஏர் கன்னுக்கு என்று சொல்லாமல், ‘நெரித்தே வைத்திருந்தாலும் படுக்கக் கூடாது’ என்று சொல்லுங்கள். அந்த மொழி அவர்களுக்குப் புரியும்.

அடுத்து உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை. பெரிய ஊர்களில் ஒன்றிரண்டு இருக்கும், பின்கட்டில் ஒரு மிஸ்திரியும் இருப்பார். நான் போன கடையில் இருந்தவர் வயதானவர், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். துப்பாக்கியை வாங்கி ஒருமுறை மெதுவாக மடக்கினார். காதருகே வைத்துக்கொண்டு மறுபடி மடக்கினார். “ஸ்ப்ரிங் கோணிப்போச்சு தம்பி, ஆனா உடையல. எல்லாரும் ஸ்ப்ரிங்க மாத்துங்கன்னுதான் வர்றாங்க. தோல் எப்படி இருக்குன்னு யாரும் கேக்கறதில்ல” என்றார்.

டயானா 27-இல் அந்தக் காலத்தில் பிஸ்டன் தலைக்குப் போட்டது தோல் வாஷர். கிண்ணம் மாதிரி விளிம்பு எழுந்திருக்கும். அடிபம்பில், சைக்கிள் பம்பில், பம்ப் ஸ்டவ்வில் போடுவார்களே, அதன் சகோதரன்தான். காற்று அழுத்தும்போது விளிம்பு விரிந்து சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொள்ளும். தோலில் எண்ணெய்ப் பசை இருக்கிறவரைதான் இந்த வித்தை நடக்கும். அறுபது வருஷம் பரணில் கிடந்த தோல் காய்ந்து, சுருங்கி, சுவரைத் தொடாமல் நிற்கும். எங்கள் வீட்டில் பாட்டி பம்ப் ஸ்டவ் காற்று ஏறவில்லை என்றால் வாஷரைக் கழற்றி எண்ணெயில் போட்டு, விளிம்பை விரலால் நீவி விரித்துவிட்டுப் போடுவார். மண்ணெண்ணெய் அடுப்புக் காலத்து வீடுகளில் இந்த வைத்தியம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். துப்பாக்கிக்கும் அதுதான் முதல் சிகிச்சை என்று பாய் சொன்னபோது சிரிப்பு வந்துவிட்டது.

துப்பாக்கிக் கடையின் பலம் இந்தக் காதுதான். கோளாறு தெரிந்த கை, கையிருப்பில் நாலைந்து அளவு ஸ்ப்ரிங், பழைய துப்பாக்கியிலிருந்து கழற்றி வைத்த கொக்கி, திருகு. பலவீனம் நேரம். நிஜத் துப்பாக்கி வேலை வந்தால் ஏர் கன் மூலைக்குப் போய்விடும். இரண்டு மாதம், மூன்று மாதம் என்று இழுக்கும். இன்னொன்று, ‘பாலிஷ் போட்டுத் தரட்டுமா’ என்று கேட்பார்கள். பழைய துப்பாக்கியாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். உலோகத்தின் நீலப் பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூசினாலும், பீச் மரக் கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தாலும், அடித்த எழுத்துகள் மங்கி, பழசுக்கு உள்ள மதிப்பு பாதி போய்விடும். விற்கிற எண்ணம் இல்லையென்றாலும் அந்த ‘03 62’ எனக்கு வேண்டும்.

ஊரில் கடை இல்லாதவர்கள் கூரியரில் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். துப்பாக்கி என்று எழுதினால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். எழுதாமல் அனுப்புவது வம்பு. உறையில் போட்டு, ரசீது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு நேரில் போவதே நல்லது.

நீங்களே பிரிப்பதென்றால்

பாய் மூன்று மாதம் ஆகும் என்றதால், கோளாறை அவர் வாயால் கேட்டுக்கொண்டு, ஒரு ஸ்ப்ரிங்கை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிரிப்பது நான்தான் என்று முடிவு. இது எல்லாருக்கும் சரிப்பட்டு வராது, ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்ப்ரிங் உள்ளே சும்மா இருக்கும்போதே பாதி நெரிந்துதான் இருக்கும். டயானா 27-இல் பின்பக்க விசைத் தொகுதியை இரண்டு குறுக்குப் பின்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தட்டி எடுத்ததும், பின்னால் தாங்கல் இல்லையென்றால், அந்த இரும்புக் கட்டி நெஞ்சுக்கோ சுவருக்கோ பாயும். தச்சர்கள் பலகை ஒட்டும்போது போடுவார்களே நீள பார் கிளாம்ப், அதில் துப்பாக்கியைப் படுக்க வைத்து, பின்முனையை மரத்துண்டு கொடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்னைத் தட்ட வேண்டும். பிறகு கிளாம்பைத் திருகு திருகாகத் தளர்த்தினால் ஸ்ப்ரிங் சமத்தாக வெளியே வரும். கிளாம்ப் இல்லை, நண்பன் பிடித்துக்கொள்வான் என்பவர்கள் கடைக்கே போங்கள்.

அடுத்தது மூன்று உருண்டைகள். இந்த டயானாவின் விசை விசேஷமானது: பிஸ்டன் தண்டைக் கொக்கியால் பிடிக்காமல், சுற்றிலும் மூன்று எஃகு உருண்டைகளால் கவ்விப் பிடிக்கும். அதனால்தான் விசை அவ்வளவு இதமாக இருக்கும். பிரித்தவுடன் அந்த மூன்றும் டொக் டொக் டொக்கென்று தரையில் குதித்து ஓடும். எனக்கு இரண்டு கட்டிலுக்கு அடியில் கிடைத்தன, மூன்றாவதை மறுநாள் காலையில் பெருக்கும்போது மனைவி கண்டெடுத்து, “இது உங்க துப்பாக்கியோடதா, பையன் சைக்கிளோடதா?” என்று நீட்டினாள். கீழே ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்துக்கொண்டு பிரியுங்கள். திரும்பப் போடும்போது கெட்டியான கிரீஸைத் தடவி, உருண்டைகளை அதில் ஒட்டவைத்துத்தான் உள்ளே செலுத்த முடியும்.

தோல் வாஷரைக் கழற்றியபோது அது காய்ந்த அப்பளம் மாதிரி இருந்தது. எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டும் விளிம்பில் வெடிப்பு தெரிந்தது, சரி, மாற்றியே ஆக வேண்டும். அடிபம்பு சாமான் விற்கும் கடையில் கிடைத்த வாஷர்கள் எல்லாமே பெரிய அளவு. அதனால் ஒரு பெரிய வாஷரின் அடித்தட்டைத் தட்டையாக வெட்டி எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, லேத்காரர் கடைந்து தந்த அச்சில் போல்ட் போட்டு இறுக்கி, இரண்டு நாள் நிழலில் காயவைத்தேன். கிண்ணம் எழும்பியது. விளிம்பைப் புது பிளேடால் சமமாகச் சீவி, லேசான மெஷின் எண்ணெயில் ஊறவைத்து மாட்டியாயிற்று. உள்ளே தள்ளும்போது ஒரு கண்டம் உண்டு: சிலிண்டரின் அடியில் மடக்குக் கம்பி ஓடும் நீளப் பிளவின் விளிம்புகள் கத்தி மாதிரி இருக்கும், புதுத் தோலை அங்கேயே சீவிவிடும். முதலில் அந்த விளிம்புகளைப் பொடி அரத்தால் மழுக்கிவிட்டு, பிளவுக்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் தாளைக் கொடுத்துத் தள்ள வேண்டும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான். துப்பாக்கியின் காற்றுத் துவாரத்தில் தாராளமாக எண்ணெய் விட்டால், அழுத்தத்தில் சூடேறிய காற்று அந்த எண்ணெயைப் பற்றவைத்துவிடும். டமாரென்று பட்டாசுச் சத்தம், குழல் வாயில் புகை. ‘ஆஹா, பவர் வந்துவிட்டது’ என்று தோன்றும். உண்மையில் அந்த வெடிப்பு ஸ்ப்ரிங்கையும் வாஷரையும் தின்றுகொண்டிருக்கிறது. தோலுக்குச் சில சொட்டு போதும். ஸ்ப்ரிங்குக்கும் பிஸ்டனின் பக்கங்களுக்கும் மாலிப்டினம் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சாக.

வாஷர், அச்சுக் கூலி, ஸ்ப்ரிங், கிரீஸ் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய் சொச்சம் ஆனது. போன மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வேறு வகைத் துப்பாக்கி என்றால் கணக்கும் வேறு. கையால் பம்பு அடித்துக் காற்றை நிரப்பும் பழைய அமெரிக்கத் துப்பாக்கிகளில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போகலாம். பேரிங், ஆயில் சீல் விற்கும் கடையில் அளவு காட்டினால் கிடைக்கும். இந்தியன் ஹ்யூம் பைப் கம்பெனியின் பழைய ரைஃபிள்களுக்கு (ஆமாம், தண்ணீர்க் குழாய் செய்யும் அதே கம்பெனிதான், ஒரு காலத்தில் ஏர் ரைஃபிளும் செய்தது) துப்பாக்கிக் கடைகளில் ஸ்ப்ரிங், வாஷர் இன்னும் சுலபமாகக் கிடைக்கும். நம் ஊரில் அந்த மாதிரிதான் அதிகம் புழங்கியது. பி.எஸ்.ஏ., டயானா என்று வெளிநாட்டுப் பெயர் இருந்தால் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் உதிரி பாகம் விற்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சின்ன ஸ்ப்ரிங்குக்கு அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்தால் ஸ்ப்ரிங் விலையைப் போல் பல மடங்கு வந்து நிற்கும்.

நீங்களே பிரிக்கவே கூடாத ஒரு ரகம் உண்டு: போட்டிக்கென்றே செய்த பழைய மேட்ச் ரைஃபிள். ஃபைன்வெர்க்பாவ் 300எஸ், டயானா 75 மாதிரியானவை. முதலாவதில், சுடும்போது உதை தெரியாமல் இருக்க, இயந்திரப் பகுதி முழுவதும் கட்டையின் மேல் தண்டவாளத்தில் வழுக்குவதுபோல் பின்னால் நகரும். இரண்டாவதில் ஒரே நேரத்தில் எதிரெதிர் திசையில் ஓடும் இரண்டு பிஸ்டன்கள், அவற்றைப் பல்சக்கரம் இணைக்கிறது. ஒரு பல் தப்பி மாட்டினாலும் ரைஃபிள் குட்டிச்சுவர். 1970-களின் அந்த டயானாக்களில் போட்ட செயற்கை சீல்கள் இப்போது தானாகவே மக்கி, பழுப்பு மெழுகாக உதிர்ந்துகொண்டிருக்கின்றன. சுடவே சுடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் அப்படித்தான். இவற்றுக்கு ரைஃபிள் கிளப்பில் விசாரித்து, அந்த மாடலை முன்பு பிரித்து மாட்டியவரிடம் மட்டும் கொடுங்கள். சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் கிளப் இருக்கிறது. எவ்வளவு காலம் ஆனாலும் காத்திருக்கலாம், அந்த ரைஃபிளுக்கு அந்தத் தகுதி உண்டு.

புதுசு வாங்கினால் என்ன?

மாமாவின் யோசனைக்கு வருகிறேன். இப்போது மகாராஷ்டிரத்தின் பிரெசிஹோல் போன்ற இந்தியக் கம்பெனிகள் நல்ல ஸ்ப்ரிங் ரைஃபிள் செய்கின்றன. அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம், உதிரி பாகமும் கிடைக்கும். வீட்டில் இருக்கும் பழசு சாதாரண ரகம், குழலும் துருப்பிடித்திருக்கிறது என்றால் புதுசுதான் சரி, வாதமே இல்லை. பையனையோ பெண்ணையோ துப்பாக்கி சுடும் போட்டிக்கு அனுப்ப நினைப்பவர்களும் பழசைப் பழுது பார்த்துக் கொடுக்காதீர்கள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் சுடுவது அழுத்தக் காற்று உருளை மாட்டிய ரைஃபிள். அதில் உதைக்க ஸ்ப்ரிங்கே கிடையாது. தாத்தா காலத்து டயானாவில் பழகினால் பிள்ளைக்குத் துப்பாக்கி மேல்தான் கோபம் வரும். கிளப்பில் இருக்கும் ரைஃபிளில் பழகட்டும்.

எதற்காகப் பழுது பார்க்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். “கொக்கு, கவுதாரி அடிக்கலாம்ல?” என்று கேட்டவர்கள் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பெரியப்பா காலத்தில் எஸ்டேட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது இன்றைக்கு உதவாது. அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் ஏர் கன்களைத் தாமாக ஒப்படைக்கச் சொல்லி அரசு ஓர் இயக்கமே தொடங்கியது, காட்டில் பறவைச் சத்தம் குறைந்துபோனதால். எனக்கு வேண்டியது மொட்டை மாடியில் மண் நிரப்பிய பெட்டிக்கு முன்னால் ஓர் அட்டை. அதற்கு 7 ஜூல் தாராளம்.

சுவரில் மாட்டி வைப்பதும் ஒரு முடிவுதான். அத்தை வீட்டில் இன்னொரு பழைய ரைஃபிள் கிடந்தது, 35 மாடல். குழல் மேல்நோக்கி வளைந்து, கட்டை கழுத்தில் பிளந்து, யாரோ செம்புக் கம்பி சுற்றியிருந்தார்கள். குழலைத் தட்டி நிமிர்த்தலாம் என்றார் லேத்காரர். பாயிடம் கேட்டேன், நிமிர்த்தலாம், ஆனால் மறுபடி மாட்டி ஐம்பது குண்டு சுட்டுப் பார்த்து, மறுபடி கழற்றி, அப்படியே ஒரு வாரம் போகும் என்றார். அந்த வேலைக் கூலிக்கு அந்தத் துப்பாக்கி பெறாது. ஸ்ப்ரிங்கை மட்டும் கழற்றி எடுத்துவிட்டு, துருப்பிடிக்காமல் எண்ணெய்த் துணியால் துடைத்து, அத்தை வீட்டுக் கூடத்திலேயே மாட்டிவிட்டு வந்தேன். ஸ்ப்ரிங் இல்லாததால் பிள்ளைகள் தொட்டாலும் பயமில்லை.

பெரியப்பாவின் டயானா இப்போது பத்து மீட்டரில் ஐந்து குண்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடக்குகிறது. உட்கார்ந்து, முழங்கையை மேஜையில் ஊன்றிச் சுட்டால்தான். நின்றுகொண்டு சுட்டால் அது என் கையின் கணக்கு. போன தீபாவளிக்கு மாமா வந்திருந்தார். “அந்த இரும்பு என்னாச்சு?” என்று கேட்டபடி மாடிக்கு வந்தவர், இரண்டு டப்பா குண்டைக் காலி செய்துவிட்டுத்தான் சாப்பிடக் கீழே இறங்கினார்.